அன்னபாக்கியம் எழுதாத நூல்கள்

அவைக்கு அழகும், அளவுமீறிப் பேசுவோருக்கு மணியடியும் தருகின்ற தலைவர் வரதராசா ஐயா அவர்களே! அலுமாரிகளின் அரசியாய், அடுக்குகளின் ஆட்சியாளராய் இந்த நூலகத்தைக் காத்து நிற்கும் உஷாந்தி அவர்களே! முன்வரிசையை முழுமையாய்க் கைப்பற்றியிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை ரியூஷனில் இறக்கிவிட்டு, ஏற்றிப்போகும் நேரம் வரை எனக்குக் காதுகொடுக்க வந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்றால் நழுவுவது சுலபம் என்று கணக்குப் போட்டு நிற்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் கொட்டாஞ்சேனை வாசகர் வட்டத்தின் செயலாளர் நேசமலர் கொன்ஸ்ரன்ஸ், கூப்பிய கரங்களோடும் கொப்பளிக்கும் மகிழ்ச்சியோடும் வணக்கம் சொல்கிறேன்.

தலைவர் இப்போதே மணியில் கை வைக்கிறார். ஐயா, நான் இன்னும் தொடங்கவே இல்லை.

இன்று இங்கே என்ன விழா? வெள்ளவத்தை நூலகத்தின் நூற்பட்டியல், திறந்த மூல மென்பொருளுக்கு மாறியதைக் கொண்டாடும் விழா. திறந்தே கிடக்கும் ஒன்றுக்குத் திறப்பு விழா எதற்கு என்று பின்னால் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். அதற்கு முன்பு பூட்டிக் கிடந்த கதையைக் கேளுங்கள்.

புத்தகம் நம்முடையது. வாசகர் நம்மவர். விபரத்தைத் தட்டிய விரல்கள் நம் விரல்கள். ஆனால் அந்தப் பழைய மென்பொருளின் சாவி யாரிடம் இருந்தது? விற்ற கம்பனியிடம் இருந்தது! ஒருநாள் அந்தக் கம்பனி கதவைச் சாத்தியது. மறுநாள் இங்கே கணினித் திரை கண்ணைச் சாத்தியது. எந்தப் புத்தகம் எந்த அடுக்கில்? எவர் கையில் எந்தப் புத்தகம்? கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை, அழைத்தால் எடுக்கத் தொலைபேசி இல்லை!

நிர்வாகக் குழு கூடியது. இரவல் கொடுப்பதை நிறுத்துவது, மண்டபத்தை ரியூஷன் வகுப்புக்கு வாடகைக்கு விடுவது என்று தீர்மானம் எழுதப்பட்டது. இந்த நூலகத்தைத் தன் உயிராய் நினைத்த உஷாந்தி, தைப்பொங்கல் வரை தவணை கேட்டார். உலகமெல்லாம் நூலகங்கள் பயன்படுத்தும், எவரும் எடுக்கக்கூடிய, எவரும் திருத்தக்கூடிய மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதை நாம் எடுப்போம் என்றார். குழுவுக்கும் தலைவரான வரதராசா ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கொழும்பில் அதற்கு ‘நடக்காது’ என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும்.

“இனாமாக் குடுக்கிறவன் நாளைக்கு நிப்பாட்டினா, ஆரிட்டப் போய்க் கேக்கிறது?” என்றார்.

சிரிக்காதீர்கள். அது நல்ல கேள்வி. ஆனால் ஐயா, வெசாக் காலத்தில் இலவசமாய்ச் சோறு போடும் தன்சல் வரிசையில் நாம் நிற்பதில்லையா? சோறு போடுகிறவர் நம் பெயரைக் கேட்டாரா, ஊரைக் கேட்டாரா, மொழியைக் கேட்டாரா? இந்த வருடம் சாப்பிட்டவர் அடுத்த வருடம் அகப்பை பிடிக்கவில்லையா? அப்படித்தான் இந்த மென்பொருளும். சமையலறைக் கதவு திறந்திருக்கிறது. உப்புக் குறைந்தால் உள்ளே போய் நாமே போடலாம்!

தவணை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, கூலி வாங்காமல் கூடி உழைக்கும் சிரமதானம் தொடங்கியது. கொட்டாஞ்சேனையிலிருந்து நாங்களும் பஸ் ஏறி வந்தோம். எங்களிடம் தின்ன ரோல்ஸ் இருந்தது, இவர்களிடம் வேலை இருந்தது. ஆளுக்கொரு அலுமாரி. ஒருவர் புத்தகத்தைப் பிரிப்பார், ஒருவர் கணினியில் தட்டுவார். சிரமதானமா அது? கலியாண வீடு! தெஹிவளையிலிருந்து வந்த ஷாமிலா பாடிக்கொண்டே தட்டினார். பாடச் சொல்லித்தான் எவரும் கேட்கவில்லை.

அங்கேதான், அன்பர்களே, அந்த அற்புதமான பிழை நடந்தது.

நம் வழக்கம் என்ன? வீட்டில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாளில் அவர் நினைவாக நூலகத்துக்குப் புத்தகங்கள் கொடுப்போம். புத்தகத்தின் முதற் பக்கத்தில் படம் ஒட்டுவோம், பூங்கொடிக் கரை போடுவோம், பெயரைப் பெரிதாய்ப் பொறிப்போம். நூலை எழுதிய பாவி மட்டும் மூன்றாம் பக்கத்தின் மூலையில் சின்ன எழுத்தில் ஒதுங்கி நிற்பார். கணினி கேட்டது: நூலாசிரியர் யார்? நம் ஆட்கள் முதற் பக்கத்தைப் பார்த்தார்கள், பெரிய பெயரைத் தட்டினார்கள், ரோல்ஸைக் கடித்தார்கள்!

தலைப்பைச் சொல்லித் தேடியவர்கள் எவரும் இதைக் கவனிக்கவில்லை. இரவல் கொடுப்பதும் அமோகமாக நடந்தது. பொங்கலும் வந்தது, குழுவும் கூடியது. தீர்மானத்தை மேசையில் வைத்துக்கொண்டு, புதிய பட்டியலை ஒருதரம் பார்ப்போம் என்றார் தலைவர். உஷாந்தி அதைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். நூலாசிரியர் வரிசை விரிந்தது. ஆஹா! சைவ சித்தாந்த விளக்கம் எழுதியவர் யார்? அன்னபாக்கியம் வரதராசா. மோட்டார் இயந்திரம் திருத்தும் முறை? அன்னபாக்கியம் வரதராசா. பிரெஞ்சு இலக்கணம்? அதுவும் அன்னபாக்கியம். குழந்தை பராமரிப்பு, கேக் அலங்காரம், உயர்தரப் பௌதிகம் எல்லாம் அன்னபாக்கியம், அன்னபாக்கியம், அன்னபாக்கியம்!

குழு சிரித்தது. நானும் பார்வையாளர் நாற்காலியில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தேன். உஷாந்தியின் முகம் மட்டும் வெளுத்துப்போனது. அன்னபாக்கியம் அம்மா தலைவரின் மறைந்த மனைவி.

தலைவர் சிரிக்கவில்லை. வரிசையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். இதில் எத்தனை இப்போது வெளியே இரவலில் போயிருக்கிறது என்று கேட்டார். உஷாந்தி ஒரு தட்டுத் தட்டினார். ஏறக்குறைய எல்லாமே வாசகர் வீடுகளில் இருந்தன. அன்னபாக்கியம் அம்மா அலுமாரியில் இல்லை. வெள்ளவத்தை முழுவதும் வீடு வீடாய்ப் போயிருந்தார்.

சிரிப்பு ஓய்ந்துவிட்டது. தலைவர் மெதுவாகச் சொன்னார்: “அவ ஒரு புத்தகமும் எழுதேல்லை, பிள்ளை. பிழையைத் திருத்துங்கோ. ஆனா பெயரை அழிச்சுப்போடாதேங்கோ. அதுக்கு வேற ஒரு இடம் வைக்கேலாதோ?”

இதே இடத்தைத்தான் உஷாந்தி பழைய கம்பனியிடம் வருடக்கணக்காகக் கேட்டிருந்தார். எங்கள் மென்பொருளில் அப்படியொரு கட்டம் இல்லை என்பதே அவர்கள் பதில். அன்றைக்கு உஷாந்தி எவரிடமும் கேட்கவில்லை.

“வைக்கலாம் ஐயா. இதில நாங்களே வைக்கலாம்,” என்றார்.

தலைவர் தீர்மானத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “இது கைவிடப்படுகுது. தேத்தண்ணி வரட்டும்,” என்றார். இந்த மண்டபம் ரியூஷன் வகுப்பாகாமல் தப்பியது அப்படித்தான்! கைதட்டுங்கள், தாராளமாய்த் தட்டுங்கள். தாய்மார்களே, ரியூஷன் வாசலில் பிள்ளைகள் கொஞ்சம் நிற்கட்டும்.

‘யார் நினைவாக’ என்ற அந்தப் புதிய கட்டத்தை நம் ராகுலன் தம்பி எழுதினார். எழுதியதை நமக்குள் பூட்டி வைத்தோமா? இல்லை! எடுத்த இடத்திலேயே எல்லோருக்குமாய்த் திருப்பி வைத்தோம். முகம் தெரியாத எவரோ எழுதியது நமக்கு உதவியது. நாம் எழுதியது முகம் தெரியாத எவருக்கோ உதவட்டும். கேட்டு நின்ற கை கொடுக்கும் கையாவதுதான், அன்பர்களே, திறந்த மூலம். இனி ஆரிடம் போய்க் கேட்பது என்று எவரும் கேட்டால், எங்களிடம் கேளுங்கள் என்று நிமிர்ந்து சொல்வோம்!

முதலில் எடுத்தவர்கள் கொட்டாஞ்சேனைக்காரராகிய நாங்கள்தான். எங்கள் நூலகத்திலும் அந்தக் கட்டம் வந்துவிட்டது. நேற்று அதில் என் மறைந்த வீட்டுக்காரர் கொன்ஸ்ரன்ஸின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். துறைமுகத்தில் வேலை செய்தவர், துப்பறியும் கதைப் பைத்தியம். அவர் நினைவாக நான் கொடுத்த கதைப் புத்தகம் ஒன்றை பக்கத்து ஊரான ஒருகொடவத்தையில் யாரோ ஒருவர் கொண்டுபோயிருக்கிறார். தவணை முடிந்தும் திருப்பித் தரவில்லை. கணினி அவருக்கு நினைவூட்டல் அனுப்பப் போகிறதாம்.

அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொன்ஸ்ரன்ஸோடு ஆறுதலாக இருந்து கதைத்துவிட்டு வரட்டும்.

மணியடிக்க மறந்த தலைவருக்கும், மனமாரச் சிரித்த உங்களுக்கும் நன்றி. எல்லோரும் சுகமாக இருங்கள், எடுத்ததைக் கொடுத்து வாழுங்கள். வணக்கம்.