நகராத புள்ளி

என் நாட்குறிப்பில் தை முதல் திங்கள், காலை ஏழு மணி: மலைமேல் வாழவந்தி நாட்டிலிருந்து இறங்கும் பேருந்து, சன்னலுக்குள் மேகம். முன் இருக்கையில் புது செல்போன் வாங்கப் போகும் கணவனும் மனைவியும்.

“மேய விட்ட மாட்டுக்குப் போன் மேப்புல புள்ளி வச்சேன். மாடு நவுந்துருச்சு, புள்ளி நவுரல,” என்றார் கணவர்.

“அதுக்காவ மறுநா வரைக்கும் காட்டுல கெடப்பீங்களா?”

“மேகம் எறங்கிருச்சு, சார்ஜும் போயிருச்சு.”

“வாங்கற போனுல கேமரா எப்படியோ இருக்கட்டுங்க. ரெண்டு நாள் சார்ஜ் நிக்கோணும், சிக்னல் இல்லாட்டியும் வழி காட்டோணும்.”

“செரி, புதுப் போனுல மொதப் புள்ளிய எங்க வைக்கட்டும்?”

“நம்ம ஊட்டுல வையுங்க. அன்னிக்கு நான் அங்கதான் முழிச்சிட்டு உக்காந்திருந்தேன்.”

அவர் வெளியே பார்த்தார். மேகத்தில் மலையே மெல்ல நகர்வதுபோல் இருந்தது. வீட்டில் அந்தப் புள்ளியை அவர் வைத்தாரா என்பது இதுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.