கம்பெனி டூர்

லாய்: ஏய் தாம், தரை நகருதுடி!

தாம்: நகரும்மா. அப்படியே நில்லுங்க, அதுவே கொண்டுபோய் விட்டுடும்.

லாய்: நிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? எனக்குக் கால் இருக்குல்ல…

தாம்: அம்மா, அதுமேல ஓடாதீங்க! எல்லாரும் பாக்குறாங்க.

லாய்: பாக்கட்டும். அம்பத்தெட்டு வயசு வரைக்கும் சாடெக் மீன் சந்தையை விட்டு நகராதவ. இன்னைக்கு சைகோன்ல ஏறி, மேகத்துக்கு மேல உக்காந்து ஆரஞ்சு ஜூஸ் குடிச்சிட்டு, பாங்காக்ல எறங்கியிருக்கேன். நல்லாப் பாக்கட்டும்.

தாம்: சரி, பாஸ்போர்ட் எங்க?

லாய்: சட்டைப் பையில. ஊசி குத்தி வெச்சிருக்கேன்.

தாம்: ஐயோ… பாஸ்போர்ட்லயா குத்தினீங்க?

லாய்: பையில குத்தினேன்டி. அவ்வளவு கூடவா தெரியாது? அது கெடக்கட்டும், உங்க கம்பெனி ஆளுங்க எங்க? டூர்னா நாப்பது பேரும் ஒரே நிறத்துல தொப்பி போட்டுக்கிட்டு வருவாங்கன்னு பக்கத்துக் கடை துயெத் சொன்னா. இங்க பாத்தா மாமியாரும் மருமகளும் ரெண்டே பேரு.

தாம்: அவங்க… வேற விமானத்துல வர்றாங்க.

லாய்: நாப்பது பேருமா?

தாம்: நாலஞ்சு பேரா பிரிச்சு அனுப்புறாங்கம்மா. வெளிய கைடு ஒருத்தர் நிப்பார். அவர் நம்மளைப் பாத்துக்குவார்.

லாய்: நல்ல கம்பெனி. சட்டை தைக்கிறவளையும் அனுப்புது, அவ மாமியாரையும் சேர்த்து அனுப்புது. ஆமா, உதட்டுச் சாயம் எப்ப போட்ட?

தாம்: சாயமா? உதடு காஞ்சுபோச்சு, அதான் கொஞ்சம்…

லாய்: காஞ்சா சிவக்குமா?

தாம்: அங்க பலகையைப் பாருங்க, இடது பக்கம் போகணும். வாங்க வாங்க… இதோ, இந்தக் கார்டை நிரப்பணும். குடுங்க, நான் எழுதுறேன்.

லாய்: என் பேரை நானே எழுதுவேன். எங்க… இங்கயா? ம்… இந்தக் கட்டம்?

தாம்: என்ன தொழில்னு கேக்குது. வியாபாரம்னு போடுறேன்.

லாய்: மீன் வியாபாரம்னு போடு. மீனை எதுக்கு ஒளிக்கிற? இது?

தாம்: எங்க தங்கப் போறோம்னு. ஓட்டல் பேரை எழுதுறேன்.

லாய்: ஓட்டல் பேரு ரெண்டு வரியாடி?

தாம்: தெருப் பேரெல்லாம் வருதுல்ல… கையெழுத்துப் போடுங்க. சீக்கிரம், வரிசை நீளமாகுது.

லாய்: அடேயப்பா! எத்தனை விதமான மூஞ்சி பாரு. அந்த ஆள் தலைமுடியைப் பாத்தியா, மக்காச்சோளம் மாதிரி… ஏன்டி, நம்மளைத் திருப்பி அனுப்பிட மாட்டாங்களே? துயெத்தோட மச்சானை அனுப்பிட்டாங்களாம்.

தாம்: அவர் பாஸ்போர்ட் கெடு முடிஞ்சு போயிருந்தது. உங்களுது புத்தம் புதுசு. மஞ்சக் கோட்டைத் தாண்டாதீங்க.

லாய்: தாண்டல. விரல் நுனிதான். நீ ஏன் சால்வையை இப்படி இழுத்து இழுத்துப் போத்திக்கிற?

தாம்: ஏசி.

லாய்: எனக்கு வேர்க்குது. உனக்கு ஏசியா?

அதிகாரி: அடுத்தது! ரெண்டு பேரும் சேர்ந்து வந்தவங்களா? வாங்க.

லாய்: என்ன சொல்றார்? இவங்க பாஷை எனக்கு ஒரு எழவும் புரியல.

தாம்: கிட்ட வரச் சொல்றார். பேசாம நில்லுங்க, நான் பாத்துக்குறேன்.

லாய்: சவாடி கா! வணக்கம் சரியா சொன்னேனா?

அதிகாரி: சரியாத்தான் சொல்றாங்க. இவங்க உங்களுக்கு என்ன உறவு?

தாம்: என் கணவரோட அம்மா, சார். அவர் இறந்து ஆறு வருஷமாச்சு. இப்ப எனக்கு அம்மா இவங்கதான்.

லாய்: என்ன கேட்டார்?

தாம்: உறவு கேட்டார். அம்மான்னு சொன்னேன்.

லாய்: பின்ன வேற என்ன சொல்லுவ?

அதிகாரி: இந்த முகவரி ஓட்டல் இல்லையே. வீடு மாதிரி இருக்கு. யார் வீடு?

தாம்: குயென்னு ஒருத்தர்… எங்க ஊர்க்காரர்தான். இங்க நூடுல்ஸ் கடை வெச்சிருக்கார்.

லாய்: என்னடி குசுகுசுன்னு பேசுற?

தாம்: ஓட்டல் எந்தப் பக்கம்னு கேக்குறார்மா.

அதிகாரி: அவர் உங்களுக்கு என்ன வேணும்?

தாம்: இன்னும்… ஒண்ணும் ஆகல சார்.

அதிகாரி: இன்னும் ஆகலையா! சரி, சரி. எத்தனை நாள் இருப்பீங்க?

தாம்: ஆறு நாள். திரும்பிப் போற டிக்கெட் இதோ இருக்கு.

லாய்: எதுக்குச் சிரிக்கிறார்?

தாம்: நீங்க அழகா இருக்கீங்களாம்.

லாய்: போடி. அது சரி… நீ எப்ப இந்த பாஷை கத்துக்கிட்ட?

தாம்: அது… தைக்கும்போது பாட்டு கேப்போம். அப்படியே வந்துடுச்சு.

லாய்: பாட்டு கேட்டே இவ்வளவா?

அதிகாரி: வலது கை நாலு விரலையும் கண்ணாடி மேல வைக்கச் சொல்லுங்க. ம்… விழல. மறுபடி… விழல. நல்லா அழுத்தச் சொல்லுங்க.

தாம்: இன்னும் நல்லா அழுத்தணுமாம்மா.

லாய்: கண்ணாடி உடையுற மாதிரி அழுத்திட்டுத்தான் இருக்கேன்!

தாம்: நாப்பது வருஷமா மீன் கழுவுற கை சார். ரேகை தேஞ்சிருக்கும்.

அதிகாரி: ரேகை விழாம முத்திரை குத்த முடியாதும்மா. உங்களுது முடிஞ்சாச்சு, நீங்க அந்தப் பக்கம் போகலாம். அவங்க மட்டும் இருக்கட்டும்.

லாய்: என்னடி? என்ன ஆச்சு? உன் முகமே மாறிப்போச்சு.

தாம்: உங்க ரேகை விழலையாம். என்னை மட்டும் போகச் சொல்றார்.

லாய்: அப்ப நீ போ.

தாம்: என்னம்மா சொல்றீங்க!

லாய்: போடி. அடுத்த விமானத்துல நான் திரும்பிப் போய்க்குறேன். பாஷை தெரியலன்னா என்ன, கையைக் காட்டினா ஏத்திவிட மாட்டாங்களா? நீ கண்டிப்பா வெளிய போகணும்.

தாம்: டூர்தானே… நான் மட்டும் போய் என்ன பண்ணப் போறேன்? உங்களை விட்டுட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்.

லாய்: சொன்னாக் கேளு. இங்க வரைக்கும் வந்துட்டு…

அதிகாரி: எதுக்கு அழறீங்க? யாரையும் திருப்பி அனுப்பல. இந்தாங்க, இந்த ஈரக் காகிதத்தால விரலை நல்லாத் துடைச்சிட்டு வைக்கச் சொல்லுங்க. அவசரமே இல்ல… ம், இப்ப கட்டை விரல்… விழுந்துடுச்சு!

தாம்: விழுந்துடுச்சும்மா! விழுந்துடுச்சு!

லாய்: குத்திட்டாரா? எங்க, காட்டு. முத்திரை… என் பாஸ்போர்ட்ல முத்திரை! ஐயா, நீங்க சாடெக் வந்தா வாங்க. உசுரோட விரால் மீன் தர்றேன்!

அதிகாரி: என்ன சொல்றாங்க?

தாம்: நன்றி சொல்றாங்க சார். ரொம்ப ரொம்ப நன்றி.

லாய்: இப்ப எங்கடி?

தாம்: பெட்டி எடுக்கணும். அதோ, பதினோராம் நம்பர்ல சுத்தும்.

லாய்: யாரோட பெட்டியை யார் எடுத்தாலும் கேக்க ஆளில்ல போலிருக்கு! இதோ, சிவப்புக் கயிறு… நம்மது! பிடி, பிடி, போயிடும்!

தாம்: போகாதும்மா, திரும்பி வரும். பெல்ட் மேல காலை வைக்காதீங்க! அப்பா, என்ன கனம்… உள்ள என்ன வெச்சீங்க?

லாய்: சுருட்டித் திங்கிற அரிசித்தாள் இருபது கட்டு. தாமரை விதை. ரெண்டு புதுப் பாய்.

தாம்: ஆறு நாள் டூருக்குப் பாயா!

லாய்: முதன்முதலா ஒரு வீட்டுக்குப் போறோம், வெறுங்கையோடயா போறது?

தாம்: வீட்டுக்கா?

லாய்: ஓட்டலுக்கு. ஓட்டலுக்குன்னுதான் சொன்னேன். தள்ளு வண்டியை.

தாம்: இன்னும் ஒண்ணே ஒண்ணுதாம்மா பாக்கி. சுங்கம். சொல்ல வேண்டியது எதுவும் இல்லாதவங்க பச்சை வழி. இருக்கிறவங்க சிவப்பு வழி.

லாய்: உனக்குச் சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்கா?

தாம்: எனக்கா… எதுக்குக் கேக்குறீங்க?

லாய்: பெட்டியில கேட்டேன்டி.

தாம்: பெட்டியில இல்ல… அம்மா, கொஞ்சம் ஓரமா வாங்களேன்.

லாய்: அந்தக் கதவு தொறக்குறப்பல்லாம் பாரு, எத்தனை சனம்! ஒருத்தன் பூவெல்லாம் வெச்சிக்கிட்டு…

தாம்: அம்மா! கம்பெனி டூர் எதுவும் இல்ல.

லாய்: ம்.

தாம்: வெளிய நிக்கிறது கைடு இல்ல. அவர் பேரு குயென். மூணு வருஷமா போன்ல பேசுறோம். புது வருஷத்துக்கு ஊருக்கு வந்தப்ப ரெண்டு தடவை பாத்திருக்கேன். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டார். நான் பதில் சொல்லல. நீங்க அவரைப் பாத்தப்புறம்தான் சொல்லணும்னு இருந்தேன். நீங்க வேண்டாம்னா வேண்டாம், இப்பவே திரும்பிடலாம். உங்க மகன் ஹாவை நான் மறந்துட்டேன்னு மட்டும் நினைச்சுடாதீங்கம்மா…

லாய்: முடிச்சுட்டியா?

தாம்: கோபமா?

லாய்: கோபம்தான். ரெண்டு மாசமா எத்தனை தடவை வாயைக் கிண்டியிருப்பேன், திறந்தியா? போனை வீட்டுல மறந்து வெச்சிட்டு வேலைக்குப் போனியே ஒருநாள்… அடிச்சுக்கிட்டே கெடந்தது, நான் எடுத்தேன். அவன்தான். “தம்பி, இவளைக் கட்டிக்கிட்டா செத்துப்போன புருஷனோட அம்மாவும் கூடவே வருவா, வெச்சுக்குவியா?”ன்னு கேட்டேன். அப்புறம் பாத்தா அழறான். “அதுக்கு நீங்க ஒத்துக்குவீங்களான்னு தெரியாமத்தான்மா மூணு வருஷம் போச்சு”ன்னான். நீ டூர் டூர்னு கூப்பிட்டப்பல்லாம் வர மாட்டேன்னு சொன்னவ, அன்னைக்கு மத்தியானமே கடையைச் சாத்திட்டுப் போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கிட்டேன்.