வெந்த நண்டில் நான் நுழைந்த விதம்

பன்னிரண்டு மணி நேரம் நான் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் சற்று அடக்கமாக இருப்பதுதான் அழகு.

நான் ஒரு கிருமி. உப்புத் தண்ணீரும் வெக்கையும் எனக்குப் பிடிக்கும். திரேஸ்புரம் கரையில் இறங்கிய நண்டுகளோடு பிலோமி வீட்டுக்குப் போனேன். மகன் வில்பிரட்டுக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை கிடைத்த சந்தோஷம். தருவைகுளத்திலிருந்து வந்த மருமகள் பிளாரன்ஸ் ஞாயிறு காலையிலேயே நண்டை நன்றாக அவித்துவிட்டாள். சாயங்காலம்வரை அது மூடியே இருந்தது. பத்து நிமிடத்தில் நான் இரண்டாகிவிடுவேன். அதற்குமேல் கணக்குச் சொன்னால் தற்பெருமை. வெந்த நண்டில் எப்படி உயிரோடிருந்தேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் வேறொருவர்.

குடலில் நான் செய்தது சின்ன வேலை. என் நஞ்சின் நான்கு துண்டுகள் கூடி, உயிரணுவின் சவ்வில் துளையாக உட்காரும். துளை, அவ்வளவுதான். வெளியிருக்கும் உப்பு உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். உயிரணு வீங்கும், கிழியும். பிறகு பக்கத்து அணு. நான் யாரையும் கடித்ததில்லை.

திங்கள் காலை பிலோமியும் வில்பிரட்டும் மாறிமாறிப் புறவாசலுக்கு ஓடினார்கள். பிளாரன்ஸுக்கு ஒன்றுமில்லை. அந்த வீட்டில் மருமகள் கடைசியில்தான் சாப்பிடுவாள். அவளுக்கு நண்டு ஓடுதான் மிஞ்சியது.

"சமைச்சவ குத்துக்கல்லாட்டம் நிக்கா, தின்னவங்களுக்குப் பேதி," என்றாள் பக்கத்து வீட்டு அல்போன்சா. "தருவைகுளத்துக்காரி மருந்து வச்சிட்டா மைனி."

"ஏளா, துணிமணியக் கட்டு," என்றாள் பிலோமி. வலியிலும் குரல் குறையவில்லை. "ஒங்கப்பன் வீட்டுக்கே போ."

பிளாரன்ஸ் துணியை மூட்டையாகக் கட்டினாள். பழி அவள்மேல் விழுந்ததில் எனக்கு வருத்தம்தான். உழைத்தது நான்.

டாக்டரம்மா கிருபாபாய் வந்து இருவருக்கும் குளுக்கோஸ் ஏற்றினார்.

"மருந்துமில்ல, மாயமுமில்ல. பச்சை நண்டுல இருக்கிற கிருமி. அவிச்சா செத்திரும். அவிச்ச பிறகு எதுல போட்டீங்க?"

துணிமூட்டையோடு வாசல்வரை போயிருந்த பிளாரன்ஸ் திரும்பினாள்.

"நீங்க சொல்லுதீங்களா மாமி, இல்ல நான் சொல்லட்டா?"

பிலோமி சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள்.

"நாந்தான்," என்றாள் சுவரிடம். "பச்சை நண்டு கொண்டாந்த ஓலைக் கடவப்பெட்டியிலேயே அவிச்சதையும் கொட்டுனேன். கழுவல."