கோட்டோடு வந்த புல்

— அருவாளக் கீழ வைங்க. அந்தத் தூருல கைய வெச்சீங்கன்னா நான் மனுசியா இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்.

— புல்லு தானே தையலு. வெறும் புல்லு.

— வெறும் புல்லுன்னா உங்களுக்கு ஏன் கண்ண உறுத்துது? பட்டாளத்த வுட்டு வந்து முழுசா ஒரு வாரம் ஆவல. சோறு எறங்கல, தூக்கம் இல்ல, பார்வையெல்லாம் இது மேலயே இருக்கு.

— வாசல்ல நிக்கிறது புடிக்கல. வழிய வுடு. அலே!

— நவுருன்னு வெரட்டுற இந்தப் பிரெஞ்சு அலேயெல்லாம் பட்டாளத்துலயே வெச்சிட்டு வரணும் சொல்தா ஐயா. இது முதலியார்பேட்ட. இங்க நான் சொன்னாத்தான் நகருவேன்.

— ரோசாச் செடி வாங்கியாந்து தரேன். அத வெச்சுக்க.

— நான் ரோசா கேட்டனா? நீங்க லீவு முடிஞ்சி கப்பலேறுனதுல இருந்து இந்த வூட்டுல எனக்கு யாரு இருந்தா? மில்லு சங்கு ஊதும், எழுந்திருப்பேன், கதவத் தொறப்பேன், மொதல்ல இது மூஞ்சியிலதான் முழிப்பேன். கடக்காத்து வந்தா கதிரெல்லாம் ஒரே பக்கமா சாயும். நீங்க பக்கத்துல திரும்பிப் படுக்கறாப்பல இருக்கும். சிரிக்காதீங்க.

— நான் எங்க சிரிச்சேன்? இது எங்கேர்ந்து வந்துது, அத சொல்லு. நான் கொண்டாரல.

— நீங்கதான் கொண்டாந்தீங்க, உங்களுக்கே தெரியாம. லீவுல வந்தப்ப போட்டுக்கினு வந்தீங்களே கம்பளிக் கோட்டு, அதத் தொவைக்க எடுத்தேன். முதுகெல்லாம் பூன முடியாட்டம் பஞ்சு பஞ்சா ஒட்டிக்கினு இருந்துது. புட்டுப் பாத்தா ஒவ்வொண்ணுலயும் ஒரு வெத. கடலத் தாண்டி உங்க மேல ஒட்டிக்கினு வந்ததத் தூக்கிப் போட மனசு வருமா?

— கோட்டுலயா?

— ஏன், மூஞ்சி வெளுத்துப் போச்சு? உக்காருங்க.

— நிக்கிறேன். நீ சொல்லு.

— மொதல்ல மொளச்சத நானே கொன்னுட்டேன். முருங்கைக்கு ஊத்துறாப்பல தெனம் கழனித்தண்ணி ஊத்துனேன். தூரு அழுவி நாத்தம் எடுத்துப் போச்சு. மிச்ச வெதைய இந்த செவுத்தோரம் செங்கச் சல்லியில வீசுனேன். அப்பறம் அம்ம போட்டுடுச்சி, நெல்லித்தோப்புல அக்கா வூட்டுல கெடந்தேன். சித்திர வெயிலு. ஒரு சொட்டு ஊத்த ஆளில்ல. திரும்பி வந்து பாத்தா மொழங்கா ஒசரத்துக்கு நின்னுக்கினு இருக்கு! ஊத்த ஊத்தச் சாவும், வுட்டாப் பொழைக்கும்னு அப்பத்தான் புரிஞ்சிது.

— பாறயில வெளையற சாதி அது.

— தெரியுதில்ல? ஆடி வந்தா வெளுத்துப்பூடும். பாக்கறவங்க செத்துப்போச்சுன்னு சொல்லுவாங்க. கதிர் அறுப்புக் கட்டாட்டம் இடுப்புல கயிறு போட்டு இறுக்கி, ஒரு சாண் வுட்டு அறுத்துடணும். வுட்டுட்டா நடுவுல மக்கி ஓட்ட வுழுது. அறுத்தா ஒரு மழைக்கே குபுகுபுன்னு கெளம்பிடும். அந்தக் கயிறு போடுற வித்தைய வீராயி அத்தைதான் சொல்லிக் குடுத்தாங்க.

— பெரிம்மாவா? பெரிம்மா இங்க வருதா?

— பக்கத்து வூட்டுக்காரங்க வராம? தண்ணிக்குப் போறப்பல்லாம் நின்னு தடவிக் குடுத்துட்டுத்தான் போவாங்க. வெத பறந்து தெருவெல்லாம் மொளைக்குதுன்னு சண்ட வந்துது. அதுலேர்ந்து முத்துன கதிரக் கிள்ளி மடியில கட்டிக்கினு போறதும் அவங்கதான். மவன் எங்க இருக்கான்னே தெரியாத பொம்பள, தடவட்டுமேன்னு நானும் வுட்டுட்டேன்.

— அதத்தான் வேணாங்குறேன். பெரிம்மா இதத் தொடக்கூடாது.

— ஏன் தொடக்கூடாது? நம்ம புல்லு, நான் சொல்றேன், தொடட்டும்.

— நம்ம புல்லு இல்ல தையலு.

— பின்ன யாருது?

— அந்தக் கோட்டு என்னுது இல்ல. பெரிம்மா மவன் அம்மாவாசையோடது.

— இன்னா சொல்றீங்க?

— மெதுவாப் பேசு. செவுரு ஒண்ணுதான் நடுவுல.

— அம்மாவாசைய வேற பக்கம் போட்டாங்க, பாக்கவே இல்லன்னு சொன்னீங்களே. அத்த கையப் புடிச்சிக்கினு கேட்டப்ப, என் முன்னாலதான சொன்னீங்க.

— சொன்னேன். கையப் புடிச்சிக்கினு கேட்டா வேற எதச் சொல்றது? அல்ஜேரியில ரெண்டு பேரும் ஒரே கூடாரம். மல மேல காவலு. எனக்குக் குளிர் காய்ச்சலு, பல்லு தந்தியடிக்குது. அவன் புல்லுக்குள்ள படுத்துக் காவல் பாத்துக்கினு இருந்தான். ஊந்து வந்து கோட்டக் கழட்டி எம் மேல போத்துனான். "கடங்காரா, நாளைக்குத் திருப்பிக் குடு"ன்னான். சட்டையோட திரும்பிப் போனான். அப்பறம் சுட ஆரம்பிச்சாங்க.

— பாத்தீங்களா? கண்ணால பாத்தீங்களா?

— வுழுந்தது பாத்தேன். எழுந்திருக்கல. எங்களப் பின்னால இழுத்துட்டாங்க. மறுபடி அந்தப் பக்கம் போவ வுடல. ஒடம்பு கெடைக்காததால காணலன்னு எழுதிட்டாங்க.

— ஐயோ.

— எங்க போனாலும் இந்தப் புல்லுதான் தையலு. ஒரு மல எறங்கினா அடுத்த மல, அதுலயும் இதான். ஊருக்கு வந்தாவது பாக்காம இருக்கலாம்னு வந்தா, என் வூட்டு வாசல்லயே நிக்குது.

— இத்தினி நாளா உங்க வாசனன்னு நெனச்சி நான் யாரோட புல்லுக்கு முடி கோதி வுட்டேன்!

— அதான் அருவாள எடுத்தேன். இப்பவாவது நவுரு.

— நீங்க ஒண்ணு தெரிஞ்சிக்கணும். அத்த வூட்ட விக்கப் போறாங்க.

— எதுக்கு?

— அல்ஜேரியில சண்ட ஓஞ்சிபோச்சு, புடிச்சி வெச்சிருந்தவங்களையெல்லாம் வுட்டுட்டாங்கன்னு எவனோ சொல்லியிருக்கான். ஆகஸ்ட்டுல பிரெஞ்சுக்காரன் நம்ம ஊர முழுசா வுட்டுக் குடுத்துட்டானே, பிரெஞ்சுக் குடியாவே இருக்கோம்னு ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கறவங்க குடுக்கலாமாம். அத்த போயி கைநாட்டு வெச்சிட்டாங்க. கப்பலேறித் தேடப் போறேங்குறாங்க. மரக்கட கோவிந்தராசு இன்னிக்கு சாயந்தரம் வூட்டப் பேசி முடிக்க வரான்.

— இந்த வயசுலயா? பாஷ தெரியாம?

— சொல்லிப் பாக்காத ஆளு இல்ல. மவனுக்குக் கருமாதி பண்ணல, காக்காவுக்கு ஒரு புடி வெக்கல. உசுரோட இருக்கறவனுக்கு வெக்கக் கூடாதாம். சொல்லிடுங்க. இப்பவே போயிச் சொல்லிடுங்க.

— எங்கிட்ட ஆவாது.

— அந்த வூடும் போச்சுன்னா அவங்க தெருவுல நிப்பாங்க. புல்ல அறுக்க அருவா எடுக்கத் தெரியுது, வாயத் தொறக்க முடியலையா?

— நான் அந்தக் கோட்டுக்குள்ள கதகதன்னு படுத்திருந்தேன்டி. அவங்கம்மா மொகத்தப் பாத்து அத எப்பிடிச் சொல்லுவேன்?

— தையலு! ஏ தையலு! ஆதிமூலம் உள்ளயா இருக்கான்?

— அத்த வந்துட்டாங்க. அருவாள அந்தாண்ட போடுங்க... வாங்கத்த, வாசல்லயே நிக்கறோம்.

— கேட்டியா சேதி, கோவிந்தராசு விளக்கு வெச்சதும் வரேன்னு ஆளனுப்பிட்டான். கேட்டியா, இந்தக் கெழவி வூட்டுக்கும் கிராக்கிதான்! இன்னாப்பா ஆதிமூலம், புருசம் பொண்டாட்டி சண்டையா? தெருவே கேக்குது.

— ஒண்ணுமில்ல பெரிம்மா.

— ஒண்ணுமில்லாமயா இவ கண்ணு செவந்து கெடக்குது? சரி, உங்க பாடு. நான் வந்தது வேற. தையலு, இந்தப் புல்லுல எனக்கு வேரோட ஒரு புடி வேணும். வெத இருக்கு, மடி மடியா சேத்து வெச்சிருக்கேன். ஆனா தூரும் கதிருமா முழுசா ஒண்ணு வேணும். ஈரச்சாக்குல சுத்துனா அழுவிப்பூடும், கேட்டியா, ஒணந்த மண்ணோட சுத்திக் குடு.

— பெரிம்மா, வூட்ட விக்காதீங்க.

— நீயும் ஆரம்பிச்சிட்டியா?

— விக்காதீங்க. உங்க கால்ல வுழுந்து கேக்கறேன். அம்மாவாச... அவன் வரமாட்டான் பெரிம்மா.

— தெரியும்.

— இன்னா தெரியும்?

— இவ அந்தக் கோட்டத் தொவச்சிக் கொடியில போட்டாளே, அன்னிக்கே தெரியும். அவன் கடைசியா லீவுல வந்தப்ப கக்கத்துல கிழிஞ்சிருந்துது. காக்கி நூலு இல்ல. எம் பொடவ முந்தியில ஊதா நூல உருவி நான்தான் தெச்சிக் குடுத்தேன். கூட இருக்கறவனுங்க சிரிப்பானுங்கம்மான்னான்.

— அத்த! இத்தினி வருசமா ஒரு வார்த்த கேக்கலையே.

— கேட்டா இவன் சொல்லிடுவானே.

— பெரிம்மா... குளுருக்கு எனக்குக் குடுத்தான்.

— குடுப்பான். அந்தப் புத்திதான் அவனுக்கு. நீ அழாத. உம் மேல கோவம் இருந்திருந்தா உன் வூட்டுப் புல்லுக்கு நான் ஏன் கயிறு கட்டறேன்?

— அப்பறம் எதுக்கு அத்த கப்பலு? யாரத் தேடிப் போறீங்க?

— கெடக்கிற எடத்தத்தான். ஒரு சொம்பு பாலாவது தெளிக்கணும். எனக்கு அந்தப் பாஷையும் வராது, படிப்பும் இல்ல, அந்த மலைக்குப் பேரு இன்னான்னும் தெரியாது. அதான் வேரோட ஒரு புடி கேக்கறேன். அங்க எறங்குனதும் எதுக்க வரவங்க கையில இதக் குடுத்து, இந்தப் புல்லு எந்த மேட்டுல வெளையுதுன்னு காட்டுனா, என்னக் கூட்டிக்கினு போயி வுடமாட்டாங்களா?