வாய்க்கட்டின் தடம்

பிறர் பேசிக் காதில் விழுந்த இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடம் தயங்கினேன், பெருமாள் பொறுத்துக்கொள்ளட்டும். செங்கல்பட்டிலிருந்து படாளம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் அம்மாளும் அவள் தம்பியும் இருந்தார்கள். மாமியாரின் கழுத்தை நெரித்ததாகப் போட்ட கேஸில் அன்றுதான் அவளைக் கோர்ட் விடுவித்திருந்தது.

"செத்தவங்களுக்கு வாயக் கட்டுனது ஒரு குத்தமாடா?" என்றாள்.

"நீ கட்டுனது வாய்க்கட்டா, நெல்லு மூட்டையாக்கா? துணி கழுத்துக்கு எறங்கி தடம் வுழுந்துட்சி."

"வாய் தொறந்துகினே கீதேன்னு இறுக்கிட்டேன்."

"அதான் பெரிய டாக்டரு வந்து சொன்னாரே, தடத்துக்கு அடியில ரத்தம் கட்டல, உசுரு போனப்புறம் கட்டுன துணின்னு. சர்க்கார் வக்கீலு மடக்கி மடக்கிக் கேட்டும் மனுசன் அசையலியே!"

"அவரு புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற? அதான் வுட்டாச்சே!"

"அவங்க செத்த அன்னிக்கி அழுதேன், 'நடிக்கிறா'ன்னாங்க. அதோட அழுவுறதயே வுட்டுட்டேன். இப்பதான்டா எங்க அத்தைக்கு அழுவுறேன்."

தம்பி தன் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவள் சொன்னதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.