நானூற்றில் ஒன்று

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. வெயிலும் இன்றி மழையும் இன்றி வானம் மூடிக் கிடந்தது. நாற்றுப்பண்ணையின் கண்ணாடிக் கூடத்தில், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பண்ணைக்காரி தொலைபேசியை எடுத்தாள். அழைத்தவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் தம்பி மனைவி. வேறொரு தோட்டத்தில் இதே வேலை பார்ப்பவள். தீவொன்றில் அழிந்துவரும் ஒரு புதர்ச்செடியை இருவரும் தனித்தனியே வளர்த்திருந்தனர். எவள் வளர்த்தவை தீவுக்குத் திரும்பும் என்பதைத் தேர்வுக்குழு அன்று முடிவு செய்ய வேண்டும்.

"ஹலோ... ஆமா, நான்தான்... முடிவு உனக்கு முதல்லயே வந்துடுச்சா? அதானே! எனக்குச் சொல்ல ஆளில்ல... சரி சரி, சொல்லு... உன்னோடது முப்பத்தேழும் போகுதா? என்னோடது?... இரு, லைன் சரியில்ல... ஒண்ணா?"

கவிழ்த்து வைத்த தொட்டியின்மேல் அவள் அமர்ந்தாள். எதிரே நானூறு கன்றுகள், ஒரே உயரம், ஒரே பளபளப்பு.

"ஏண்டி, நானூறு வச்சிருக்கேன்! ஒரு இலையில ஓட்டை காட்டு பாப்போம். உன்னோடது ஒண்ணு குட்டை, ஒண்ணு கோணல்... சிரிக்காதே... ஆமா, ஆமா, ஒரே செடியில ஒடிச்சு நட்டதுதான். அழகான செடிய விட்டுட்டு நோஞ்சானையா ஒடிப்பாங்க?... ம்... ஒரு நோய் வந்தா நானூறும் சேர்ந்தே சாயும். தெரியும்டி, நானும் படிச்சவதான்."

தெரியாமல் இல்லை. இருவரும் செடி எடுக்கப் போன நாளில், தீவில் அவள் அந்த ஒரு செடியையே சுற்றிவந்தபோது, சின்னவள் ஒவ்வொரு பாறைச்சரிவிலும் ஏறி, கண்ட புதரிலெல்லாம் நாலு விதை பொறுக்கினாள். அந்தப் பொறுக்கலைக் கேலி செய்த வாய் இன்று கசந்தது.

"நீதான் கெட்டிக்காரி! மாமியார் வாயத் திறந்தா உன் புராணம். என் வீட்டுக்காரரே நேத்து, 'அவளப் பாரு'ங்கறாரு... என்னது? எந்தச் செடி? நான் ஒடிச்ச அந்தத் தாய்ச்செடியா?... மண்ணு சரிஞ்சா?... வேரோடயா?"

அவள் குரல் இறங்கியது.

"நல்லாத் தேடினாங்களா?... அப்போ அதோட வம்சம் எங்கிட்ட மட்டும்தானா... ம்... ம்... ஏன், உங்கிட்ட அதோட விதை இல்லையா?... அதுல மட்டும் பொறுக்காம எனக்கு விட்டுக்கொடுத்தியா? யாரு கேட்டா உன்ன?"

அவள் தொட்டியிலிருந்து எழுந்தாள்.

"என்ன சொன்ன? என்னோடது ஒண்ணுகூட வேணாம்னுதான் சொன்னாங்களா? நீ சண்டை போட்டு இந்த ஒண்ண... ஐயோ, அத ஏண்டி சொன்ன! சொல்லாம இருந்திருந்தா உன்ன நிம்மதியா திட்டிட்டு இருந்திருப்பேன்... போதும், சமாதானம் பண்ணாதே. படகு என்னிக்கு?... வியாழக்கிழமையா... இல்ல, ஆளு அனுப்பாதே. நீயும் வந்து வாங்க வேணாம். என் மடியில வச்சு நானே கொண்டு வரேன். குழியும் நான்தான் தோண்டுவேன். நீ தள்ளி நின்னு பாரு!"

மறுமொழி வருமுன் அவள் தொடர்பைத் துண்டித்தாள். அப்போது முற்பகல் மணி பதினொன்று நாற்பத்திரண்டு.