பத்தடி உயரத்துத் துளை

"ஹலோ... ஆமா, தோட்டத்து ஆபீஸ்தான்... கணக்கு எழுதுற கிராணி குழந்தைவேலுதான் பேசுறேன். மஜீத் பாயா?... பத்தொம்பது மணி நேரமாச்சு பாய், பையனத் தூக்கிட்டுப் போயி. போன் கைப்பிடியச் சுத்திச் சுத்தி என் கையே விட்டுப்போச்சு... சரி... சரி. அதெல்லாம் அப்புறம். உயிரோட இருக்கானா, அத மொதல்ல சொல்லுங்க... ம்... இருக்கான். இருக்கான்கா... இல்ல பாய், உங்ககிட்ட இல்ல. அவங்க அம்மா இங்கதான் இருக்கு."

கதவோரம் தரையில் செல்லாயி உட்கார்ந்திருந்தாள். நேற்று மாலை அவளுடைய மகன் அழகேசனை ஜப்பான்காரர்கள் வீட்டிலிருந்து இழுத்துப் போனதும் இங்கே ஓடிவந்தவள் அந்த இடத்தைவிட்டு எழவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கட்டும் தலைத்துணி இன்னும் தலையிலேயே இருந்தது.

மஜீத் பக்கத்து ஊரான குருணில் துணிக்கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்ததும் அவர்கள் பாஷை சீக்கிரம் நாக்கில் ஒட்டிக்கொண்டதால், இப்போது போலீஸ் ஸ்டேசனில் அதிகாரியின் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறார். அவர் குரலுக்குப் பின்னால் தண்ணீர் சிந்தும் சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்... ஓ... தண்ணியக் குடிக்க வச்சு வயித்துல ஏறி மிதிக்கிறாங்களா... எத்தனாவது வாளி?... வேணாம், சொல்லாதீங்க... ஆமா. ஆமா, ஞாயித்துக்கிழமை நான்தான் சொன்னேன். ஆபீசர் முன்னாடி நின்னுதான் சொன்னேன்."

அந்த அதிகாரி படிக்கிற காலத்தில் கூடைப்பந்து ஆடியவன். ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாளுக்கு ஒரு குழு இறக்க வேண்டும் என்று ஸ்டேசன் முன்னாலிருந்த பாடாங் திடலில் இரும்பு வளையம் நட்டான். பினாங்குப் பள்ளிக்கூடத்தில் ஆடிப் பழகிய குழந்தைவேலுவைக் கூப்பிட்டு, திகாம் பத்து என்ற ஊரிலிருந்து குருண் வரை தோட்டத்துப் பையன்களைப் பார்த்துத் தேறுகிறவர்களைச் சொல்லச் சொன்னான். இருபத்து மூன்று பையன்கள் வந்தார்கள். குழந்தைவேலு அழகேசனைக் காட்டி, இருபதடி தள்ளி நின்று போட்டாலும் இவனுக்குப் பத்துக்கு ஒன்பது விழும், இரண்டு வருஷம் விட்டால் கெடாவில் இவனுக்கு ஈடு இருக்காது என்றான். அதிகாரி சிரித்தான். பையனுக்கு ஒரு சிகரெட்டும் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை இரவு குருண் பெட்ரோல் கிடங்கின் சுவரில், காற்றுக்காக விட்டிருந்த துளை வழியாக, காய்ந்த ரப்பர்ப் பாலைத் திரட்டிய, எரிகிற ஒட்டுப்பால் உருண்டை ஒன்று உள்ளே விழுந்தது. துளை பத்தடி உயரத்தில் இருந்தது. வளையத்தின் அகலம்தான் அதற்கும். முள்வேலியிலிருந்து சுவர் இருபதடி. பீப்பாய்கள் வெடித்தன. காவலுக்கு நின்ற சிப்பாய் கரிக்கட்டையானான். இந்தத் தோட்டத்திலிருந்து அறுபது பேரைச் போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிப்போக நிறுத்தியிருந்த மூன்று லோரிகளும் எரிந்தன. மறுநாள் மாலை தீ அடங்கியதும் அதிகாரி வேலிக்கு வெளியே நின்று துளையை அண்ணாந்து பார்த்தான். பிறகு நேராக அழகேசன் வீட்டுக்கு வந்தான்.

"பாய், கேளுங்க. நான் சும்மா அளந்து விட்டேன்லா. பெரிய மனுசன், சந்தோசப்படட்டும்னு கூட்டிச் சொன்னது. பத்துக்கு ஒம்பது எல்லாம் இல்ல. மூணு விழும். நல்ல நாளா இருந்தா நாலு... அவரே பார்த்தாரா?... பார்த்தாரு, சரி. அன்னிக்குக் குருட்டாம்போக்குல விழுந்துச்சு. அவன் உடம்பு மலேரியா தின்ன உடம்பு பாய். நாலு எட்டு ஓடினா மூச்சு வாங்கும். மணிக்கட்டுல பிடிமானமே கிடையாது... சொல்லுங்க, இப்படியே சொல்லுங்க அவர்கிட்ட. நான் காத்திருக்கேன்."

சொல்லால் கட்டிவிட்டதைச் சொல்லாலேயே அவிழ்த்துவிடலாம் என்று அவன் நம்பினான். இந்தப் பத்தொன்பது மணி நேரமும் அவன் யோசித்து வைத்தது இதைத்தான்.

"ஆ... இருக்கேன், இருக்கேன்... எந்தக் கையா? இடது கை பாய். இடது கையாலதான் போடுவான், வலது கையில பந்தே நிக்காது. ஒத்தக் கைக்காரன எவனும் ஆட்டக்காரன்னு சொல்ல மாட்டான், இதையும் சேர்த்துச் சொல்லுங்க... ஹலோ... பாய், எதுக்குக் கைய கேட்டாரு?... பாய்?"

நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. பிறகு காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சிறு சத்தம். அதன் பின்னால் வந்தது பேச்சு இல்லை; குரல் மட்டும். குழந்தைவேலு ரிசீவரைக் காது வலிக்க அழுத்திக்கொண்டான், வெளியே கசியாமல் இருக்க. மறுபடியும் அதே சத்தம். செல்லாயி அவன் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. லைன் கரகரங்குது. உக்காருங்க... உக்காருங்கன்னு சொல்றேன்ல... எத்தன விரல் பாய்?... ரெண்டு... இடது கையிலயா... சரி... நீங்க அழாதீங்க பாய். அவரு பார்த்தா உங்களையும் கட்டி வச்சிருவாரு. தொடச்சுக்கோங்க... ம்... ம்... என்ன கேக்குறாரு?"

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இவன் இல்லன்னா வேற எவன்னா... பேரு வேணுமா... நானா சொல்லணும்?... ஆமா, பையனுங்களப் பார்த்தது நான்தான், இல்லன்னு சொல்லல... சொல்லாட்டி?... அழகேசனையா... எங்க, பாசார் முன்னாலயா... எல்லாரையும் வரச்சொல்லித் தண்டோரா போட்டாச்சா... எத்தன மணிக்கு?... நம்ம பழைய மணியா, அவங்க மாத்தி வச்ச ஜப்பான் மணியா?... அப்ப இன்னும் முக்கா மணி நேரந்தான் இருக்கு பாய்."

பாசார், அதாவது குருண் சந்தை, முன்னால் என்றால் என்ன என்று குழந்தைவேலுவுக்கும் மஜீத்துக்கும் தெரியும். போன மாதம் அரிசி கடத்திய ஒருவனின் தலையை அங்கேதான் கழி நட்டுச் செருகி வைத்திருந்தார்கள். மூன்று நாள் யாரையும் இறக்க விடவில்லை.

"அய்யாவா? ஆமா, அய்யாவுதான் கூட்டத்துல உயரம். உயரத்த வச்சு என்ன பண்றது, பந்த நெஞ்சுலேர்ந்து தள்ளுறான். வளைவே கிடையாது, நேராப் போயி பலகையில மோதும். அந்தத் துளைக்குள்ள போகணும்னா மேல ஏறி எறங்கணும் பாய். அவன் வீசினா செவுத்துலதான் அப்பும்... இல்ல, அய்யாவு இல்ல. பேர எழுதிட்டீங்களா? அடிங்க. மொதல்ல அடிங்க அத... அடிச்சாச்சா?"

"மணியமா... அவனுக்குப் பதிமூணு வயசு. ஒரு வேளைச் சோறு கிடைக்கும்னு வீட்டுல வயசக் கூட்டிச் சொல்லி அனுப்பி விட்டாங்க. அவன் எறிஞ்சா வேலியத் தாண்டுனாலே பெரிய காரியம்... முருகையாவா? பாய், முருகையாவுக்குக் கண்ணு தெரியாது. வளையம் எந்தப் பக்கம் இருக்குன்னு மத்தவன் கத்துறத வச்சுத்தான் எறிவான். ஞாயித்துக்கிழமை ஆபீசர் தொப்பிய எவன் தட்டிவிட்டான்? அவன்தான... ஆமா, அதையே ஞாபகப்படுத்துங்க அவருக்கு."

அங்கே மஜீத் அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நடுவில் சதையில் ஏதோ பட்ட சத்தம். மஜீத்தின் குரல் பாதியில் நின்றது. ரிசீவர் வேறு கைக்கு மாறியது.

குழந்தைவேலு அவனறியாமலே எழுந்து நின்றான். சுவரைப் பார்த்துக் குனிந்து, ஜப்பான் பாஷையில் தனக்குத் தெரிந்த ஒரே 'ஆமாம் ஐயா'வைச் சொன்னான்.

"ஹாய்... ஹாய்... ஹாய்."

அதிகாரி வெகு நேரம் கத்தினான். ஒரு சொல்லும் புரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் குழந்தைவேலு குனிந்தான். செல்லாயியும் என்னவென்று தெரியாமல் அவனோடு சேர்ந்து கும்பிட்டாள்.

"ஹாய்... ஹாய்... பாய்? நீங்கதானா?... அடிச்சுட்டாரா?... பல்லா... துப்பிட்டுப் பேசுங்க, பரவால்ல... நான் யாரையும் காப்பாத்தப் பாக்கல பாய். கண்ணால பார்த்ததச் சொல்றேன்... என்ன சொல்றாரு?... எல்லாரையுமா?... இருபத்து மூணு பேரையுமா?... பிள்ளைங்க பாய் அதுங்க... தெரியும், உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது... எப்ப கிளம்புறாங்க?... கிளம்பிட்டாங்களா. நடந்தேவா... எந்தத் தோட்டத்துக்கு மொதல்ல?... இங்கதானா."

அவன் சன்னல் வழியாகப் பார்த்தான். செம்மண் பாதையில் இன்னும் யாரும் இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கம் பையன்களின் சத்தம் கேட்டது. எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாய், கொஞ்சம் இருங்க. வைக்காதீங்க... அக்கா, லயத்துக்குப் போங்க. ஓடுங்க. எல்லா வீட்டுலயும் பையனுங்கள ரப்பர்க் காட்டுக்குள்ள அனுப்பச் சொல்லுங்க, சாயங்காலம் வரைக்கும் வெளிய வரக்கூடாது... அழகேசன நான் பார்த்துக்குறேன்... ஆமா, நான் பார்த்துக்குறேன். போங்கக்கா."

அவள் படி இறங்குவதைப் பார்த்துவிட்டு ரிசீவரை மறுபடி காதுக்கு எடுத்தான்.

"பாய்... இருக்கீங்களா?... இப்ப நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு அப்புறம் அவருக்குச் சொல்லுங்க. நடுவுல நிறுத்தாதீங்க... நான் ஞாயித்துக்கிழமை சொன்னது பொய் இல்ல. இன்னிக்குச் சொன்னதுதான் பொய். அழகேசன் பத்துக்கு ஒம்பது போடுவான். இருட்டுலயும் போடுவான். அந்த மாதிரிக் கை நான் பினாங்குலகூடப் பார்த்தது இல்ல... இருங்க, பேச விடுங்க. அதனாலதான் சொல்றேன், அவன் இல்ல. அவனா இருந்தா ஒரு உருண்டை போதும். அன்னிக்கு ரெண்டு உருண்டை எறிஞ்சாச்சு."

"ஆமா, ரெண்டு... மொத உருண்டை துளையோட ஓரத்துல பட்டுத் தெறிச்சுச்சு. செவுத்தடி வாய்க்கால்ல விழுந்து அணைஞ்சு போச்சு. தண்ணி இழுத்துட்டுப் போயி மதகுக் கம்பியில சிக்கியிருக்கு, பாதி கருகி. தேங்கா அளவு இருக்கும். ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்க, இப்பவே... ரெண்டாவதுதான் உள்ள போச்சு."

"எப்படித் தெரியுமாவா... பாய், நீங்க புரிஞ்சுதான கேக்குறீங்க... இல்ல, போன வைக்க மாட்டேன். என்னைக் காப்பாத்தணும்னு நீங்க ஒரு சொல்லையும் மாத்தாதீங்க, உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு. பையன் கட்ட அவுத்துட்டாங்கன்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் நான் இந்த ஆபீஸ்லயேதான் நிப்பேன், அவங்க இங்க வரட்டும்... சரி. இப்ப அவரப் பார்த்துச் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை அறுபது பேரச் சயாமுக்கு ஏத்த இருந்தாங்க. லோரி போகக்கூடாதுன்னு நினைச்சேன்... கிடங்குல எறிஞ்சது நான்தான்."